கை படாத வாட்டர் வாஷ்

ஜூன் 9, திங்கள்

பேட்டரிக் கடைக்காரர் கொடுத்த டைரி ஆறு மாதமாக மேஜையில் சும்மா கிடந்தது. மிஷின் வாங்குகிற விஷயத்தை அவ்வப்போது எழுதி வைத்தால் குழப்பம் வராது என்று இன்று எடுத்தேன். கோகிலா பார்த்துவிட்டு, "மளிகச் சாமான் சீட்டுக்கூட நீங்க எழுதுனதில்ல" என்று சிரித்தாள். பெண்டாட்டி சிரிக்காத காரியம் எதை நான் செய்திருக்கிறேன்?

பல்லடத்தில் தாராபுரம் ரோட்டில் எங்கள் வாட்டர் சர்வீஸ். நானும் கோகிலாவின் தம்பி தனபாலும் சேர்ந்து, ஒரே ஒரு பிரஷர் கன்னை வைத்துக்கொண்டு, தகரக் கொட்டகையில் ஆரம்பித்தது. வருகிறவர்களிடம் பேசுவது நான். கழுவுவதும் துடைப்பதும் அவன். ஊரில் கார் பெருகிவிட்டது. இனி ஆட்டோமேட்டிக் மிஷின் போடாமல் காலம் தள்ள முடியாது. அதிலும் டச்-ஃப்ரீ மிஷின். பிரஷ்ஷோ, துணியோ, கையோ காரின் மேல் படாது. நுரையும் தண்ணீரும் மட்டும்தான்.

டச்-ஃப்ரீ என்றால் பெயின்டில் கோடு விழாது. அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

கோவையிலிருந்து மிஷின் விற்கிறவர் வந்தார். பெயர் ஜெபராஜ். இந்த வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. லேப்டாப்பில் படம் போட்டுக் காட்டினார். மூன்று வகை இருக்கிறதாம். கார் ஒரு முனையில் நுழைந்து, நகர்ந்துகொண்டே போய் மறுமுனையில் வெளியே வருவது ஒன்று. அதற்கு நம்மிடம் இடம் இல்லை. பெரிய பிரஷ் உருளைகள் சுற்றிச்சுற்றித் தேய்ப்பது இன்னொன்று. கார் நின்ற இடத்திலேயே நிற்க, மேலிருந்து தொங்கும் இரும்புக் குழாய் அதை வலம் வந்து நுரையும் தண்ணீரும் அடிப்பது மூன்றாவது.

"உங்க ஏரியா செம்மண்ணுக்கு பிரஷ் மிஷின்தான் சார் சரியா வரும். விலையும் கம்மி. டச்-ஃப்ரீன்னா தண்ணி நல்லா இருக்கணும். உப்புத் தண்ணின்னா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா புள்ளி விழும்" என்றார். விற்க வந்தவரே விலை குறைந்ததைச் சிபாரிசு செய்தால் எனக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்.

தனபாலும் அவரோடு சேர்ந்துகொண்டான். "பிரஷ்ஷே வாங்கீரலாமுங் மச்சான். மிஷின் தேச்சு உட்டதுக்குப் பொறவு நா ஒருக்கா தொடச்சுக் குடுத்தர்றேன்."

"டச்-ஃப்ரீதான்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கிளம்பும்போது ஜெபராஜ் எனக்குக் கை கொடுத்தார். தனபாலுக்கும் கொடுத்தார். ரோட்டுக்குப் போனதும் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்வார் என்று பார்த்தேன். துடைக்கவில்லை. விற்பனைக்காரர்களுக்கு அப்படிப் பழக்கியிருப்பார்கள்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று எழுதியதைப் படித்தேன். அந்தக் கடைசி விஷயத்தை எதற்கு எழுதினேன் என்று பின்னால் படிக்கிறவனுக்குப் புரியாது. பின்னால் படிக்கப்போகிறவனும் நான்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

போன ஆடியில் தனபாலுக்கு விரல் நுனிகளில் வெண்புள்ளி வந்தது. இப்போது இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை ஏறிவிட்டது. உதட்டோரத்திலும் கொஞ்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். இது ஒட்டுகிற வியாதி இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். தலையாட்டினேன். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

கார் கொண்டுவருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே! மார்ச் மாதம் கோழித்தீவனக் கம்பெனி சுபத்ரா மேடம் தன் கருப்புக் காரைக் கொண்டுவந்தார். தனபால் கழுவி, உள்ளே எல்லாம் துடைத்து, பாலிஷ் போட்டுச் சாவியைக் கொடுத்தான். மேடம் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்து ஸ்டீயரிங்கை அழுத்தி அழுத்தித் துடைத்தார். அப்புறம் கியரை. அப்புறம் டேஷ்போர்டை. அந்த அனல் காற்றில் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு போனார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. நல்ல மனுஷி, சொல்ல மாட்டார். நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மிஷின் வந்தால் தனபாலுக்கும் நல்லதுதான். பின்பக்கம் ஒரு அறை தடுத்து, ஏ.சி. போட்டு, அதில் பட்டன் பலகையை வைத்துவிடலாம். நிழலில் உட்கார்ந்த வேலை. யாரும் அவனைப் பார்க்கப் போவதில்லை.

ஜூன் 20

கடைக்குப் பேப்பர் கப் வாங்கிப் போட்டேன். டீ குடித்துவிட்டு எவர்சில்வர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

"பகலெல்லாம் காரக் கழுவறோம், ரெண்டு டம்ளரக் கழுவ முடியாதுங்களா மச்சான்?" என்று தனபால் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான்.

ஜூலை 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் தனபாலுக்கு எங்கள் வீட்டில்தான் கறிச்சோறு. அவன் வீட்டுக்காரி பிரசவத்துக்கு அம்மா வீடு போயிருப்பதால் இப்போது இரண்டு வேளையும் இங்கேதான். வரும் வழியில் வாழை இலை ஒரு கட்டு வாங்கி வந்தேன்.

"வூட்டுத் தட்டத்துக்கு என்ன வந்துச்சு?" என்றாள் கோகிலா.

"எலைல சாப்பிட்டா ஒடம்புக்கு நல்லது" என்றேன்.

அவள் இலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கழுவி விரித்தாள். தனபால் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். மூன்றாம் தரம் சோறு வாங்காமல் அவன் எழுந்து நான் பார்த்ததில்லை. இன்று ஒரு தரத்தோடு இலையை மடித்துவிட்டான். குழம்பில் காரம் தூக்கலாக இருந்திருக்கும்.

ஜூலை 10, வியாழன்

சேலம் பைபாஸில் ஓரிடத்தில் டச்-ஃப்ரீ மிஷின் ஓடுகிறது என்று ஜெபராஜ் எங்களைக் கூட்டிப் போனார். என்ன சொல்ல, பார்த்துக்கொண்டே நிற்கலாம். சகதியோடு உள்ளே போகிற கார்மேல் முதலில் ஒரு தண்ணீர், அப்புறம் மேலெல்லாம் நுரை. நுரை சற்று ஊறுகிறது. பிறகு அந்தக் குழாய் நிதானமாகச் சுற்றி வந்து பீய்ச்சி அடிக்கிறது. கடைசியில் மேலிருந்து காற்று. ஒரு ஆள் கிட்டே போகவில்லை. கார்க்காரர் உள்ளேயே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த முதலாளி, போர் தண்ணீரை அப்படியே விடக்கூடாது, சாஃப்ட்னர் தொட்டி வைத்து அதில் வேளாவேளைக்கு உப்புப் போட வேண்டும் என்றார். உப்புத் தண்ணீரைச் சரியாக்க உப்புதான் வேண்டுமாம். நல்ல கூத்து.

திரும்பி வரும்போது தனபால் மெல்லக் கேட்டான்: "புதுக் காருக்குப் பொட்டு வெக்கறத என்ன பண்றதுங் மச்சான்?"

அதையும் எழுத வேண்டும். எங்கள் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஷோரூமிலிருந்து வண்டி எடுத்ததும் பல பேர் நேராக இங்கேதான் வருவார்கள். தனபால் கழுவிய ஈரத்தோடு பானெட்டில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பான். அவன் கை ராசியான கை என்று பேர். அவன் பொட்டு வைத்த வண்டி இதுவரை எங்கும் முட்டியதில்லை என்று ஊருக்குள் ஒரு பேச்சு. சுபத்ரா மேடத்தின் கருப்புக் காருக்கும் அவன்தான் வைத்தான். ஆயுத பூஜையன்று பழைய வாடிக்கையெல்லாம் அவனிடம் பொட்டு வாங்க வரிசையில் நிற்கும்.

"அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. தனபால் சாப்பிட வரவில்லை. வயிறு சரியில்லை என்று போன் செய்தானாம். போன வாரமும் இதையேதான் சொன்னான்.

கோகிலா சித்ரான்னம் கிளறிக்கொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மிஷின் வாங்கறதுன்னா வாங்குங்க. எந்தம்பி கைய மறைக்கறதுக்குன்னு வாங்காதீங்க."

"தொழில் நடக்கோணுமா வேண்டாமா? சுபத்ரா மேடம் என்ன பண்ணாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"அவங்க எதுக்குத் தொடச்சாங்கன்னு கேட்டீங்களா?"

"இதயெல்லாம் போய்க் கேப்பாங்களா?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவனும் நானும் ஒரு வயித்துல பொறந்தவங்க. நாளைக்கு எங்கைலயும் வந்துச்சுன்னா, எனக்கும் எல போடுவீங்களா?"

என்ன பேச்சு இது என்று அதட்டிவிட்டு வெளியே வந்து, துடைக்க வேண்டிய அவசியமே இல்லாத ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஆவணி பிறந்துவிட்டது. நாள் நன்றாக இருந்ததால் மிஷினுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன். டச்-ஃப்ரீ. ஜெபராஜ் கடைசியாக ஒரு தரம், "யோசிச்சுக்குங்க சார்" என்றார். யோசித்தாகிவிட்டது.

செப்டம்பர் 11

கொட்டகையைப் பிரித்து, தரையை வெட்டிக் கழிவுத் தண்ணீருக்குக் குழி எடுத்தாயிற்று. மூன்று ஃபேஸ் மின்சாரம் வந்தாயிற்று. பின்பக்கம் அறையும் தயார். ஏ.சி. மாட்டியதும் தனபாலைக் கூட்டிப் போய்க் காட்டினேன். ஜன்னல் எந்தப் பக்கமுங்க என்று கேட்டான். ஏ.சி. அறைக்கு எதற்கு ஜன்னல்? கேமரா இருக்கிறது, டிவியில் கார் தெரியும் என்றேன். சரியுங்க என்றான்.

பழைய பிரஷர் கன்னைக் காணோம். வேலைக்கு வந்தவர்கள் எவனாவது தூக்கிப் போயிருப்பான்.

செப்டம்பர் 24

மிஷின் ஓடுகிறது! முதலில் நம் பழைய ஆம்னி வேனை விட்டுப் பார்த்தோம். அந்தக் கிழட்டு வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெளியே வந்தது. தனபால்தான் பட்டன் அமுக்கினான். ஒரு நிமிஷம் எல்லாம் மறந்து இரண்டு பேரும் கை தட்டிச் சிரித்தோம். அவன் சந்தோஷத்தில் என் தோளைப் பிடிக்க வந்தான். நான் நகர்ந்தேன். குழாயைப் பார்ப்பதற்காகத்தான் நகர்ந்தேன்.

அவன் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

செப்டம்பர் 28, ஞாயிறு

திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது. ரோட்டுக்கு நேராக இருபதடி. "கை படாத வாட்டர் வாஷ்! உங்கள் கார் மீது இனி எவர் கையும் படாது!" வாசகம் நானே யோசித்தது. கீழே வழக்கப்படி குடும்பத்தார் படங்கள். கோகிலா, நான், தனபால்.

சாரத்தில் ஏறி அதைக் கட்டியது தனபால்தான். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. கட்டி முடித்து இறங்கியவன் ரோட்டைத் தாண்டிப் போய் நின்று, முழுவதையும் படித்துவிட்டு வந்தான்.

"என்ற போட்டோ எப்ப எடுத்ததுங் மச்சான்?"

"உங்கல்யாணத்துல எடுத்ததுதான். அதுல நல்லா இருக்கறே."

"ஆமாங்க. அதுல நல்லா இருக்கறேன்" என்றான்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

சாயங்காலம் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்துவிட்டேன், கை ஓடவில்லை.

காலையில் நல்ல கூட்டம். வாழைக்கன்று, தோரணம், பூசணிக்காய் எல்லாம் ஏற்பாடு. மிஷினுக்கு முதல் பொட்டு தனபால்தான் வைக்க வேண்டும் என்று கோகிலா சொல்லிவிட்டாள். எனக்கும் அதுதான் ஆசை. நிஜமாகவே ஆசைதான். ராசியான கை ஆயிற்றே.

தனபால் வெள்ளை வேட்டி, புதுச் சட்டையில் வந்தான். கைகளில் ரப்பர் உறை போட்டிருந்தான். சோப்பு மருந்து கலக்குவதற்காக மிஷினோடு கொடுத்த மஞ்சள் உறை.

"இதெதுக்கு மாப்ள?" என்றேன்.

"எவர் கையும் படாதுன்னு நீங்கதானுங்க எழுதிப் போட்டிருக்கறீங்க" என்றான். முகத்தில் கோபமே இல்லை. எல்லோருக்கும் கேட்கிற மாதிரியும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னான்.

அந்த உறையோடு சந்தனத்தைத் தொட்டான். ரப்பரில் சந்தனம் நிற்கவில்லை. மூன்று கோடும் கோணலாக இழுபட்டது. குங்குமம் ஒரு பக்கம் வழிந்தது. பிறகு வரிசையில் நின்ற கார் ஒவ்வொன்றுக்கும் அப்படியே வைத்தான். ரைஸ்மில்காரர், "ஏனப்பா, கைல காயமா?" என்று கேட்டார். "இல்லீங்க, இங்க இப்ப இப்படித்தானுங்க" என்றான். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் பூசணிக்காயை எங்கே வைத்தோம் என்று தேடப் போனேன்.

உறையைக் கழற்றுடா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? பக்கத்தில்தான் நின்றேன். கையை நீட்டி நானே உருவியிருக்கலாம். அதற்கு அவன் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அக்டோபர் 2, விஜயதசமி

தனபால் வரவில்லை. அறைச் சாவி மேஜைமேல் இருக்கிறது. கோயிலுக்குப் போகிறேன் என்று விடியற்காலையில் போன கோகிலா மத்தியானம்தான் திரும்பினாள். உடுமலை ரோட்டில் தம்பி தனியாகக் கடை போட்டுவிட்டான், விளக்கேற்றிவிட்டு வருகிறேன் என்றாள். பழைய பிரஷர் கன்னை எடுத்துக் கொடுத்ததும் அவள்தானாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றேன்.

"சொன்னேன். ஆடிப் பெருக்கன்னிக்கே சொன்னேன்" என்றாள்.

அக்டோபர் 5

மிஷின் நன்றாக ஓடுகிறது.

அக்டோபர் 13, திங்கள்

சுபத்ரா மேடம் வந்தார். ஊரில் இல்லாததால் ஆயுத பூஜைக்கு வர முடியவில்லையாம். கருப்புக் கார் மிஷினுக்குள் போய் வெளியே வந்தது. வெயிலில் நின்றதும் மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக வெள்ளை. சாஃப்ட்னரில் உப்புத் தீர்ந்திருக்கிறது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவன் தனபால். எனக்கு அந்த ஞாபகமே இல்லை. துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். தேய்க்கத் தேய்க்க வெள்ளை பரவியதே தவிரப் போகவில்லை.

"தனபால் எங்கங்க?" என்றார் மேடம்.

தனியாகப் போய்விட்டான் என்றேன். என்ன நினைத்தேனோ, அவருக்குச் சந்தோஷமான செய்தி சொல்வதாக நினைத்து, "இனிமே உள்ள யாரும் கை வெக்க மாட்டாங்க மேடம். நீங்க டிஷ்யூ வெச்சுத் தொடைக்க வேண்டியதில்ல" என்று இளித்தேன்.

அவருக்குப் புரியவில்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "ஓ, அதச் சொல்றீங்களா? அந்தப் பாலிஷ் வாசம் எனக்கு ஆகறதில்லைங்க. மூச்சு இழுத்துக்கும். அன்னிக்குக் கண்ணாடிய எறக்கிட்டுத்தான் வீடு போய்ச் சேந்தேன். அடுத்த தடவ தனபாலுகிட்டச் சொன்னேன். அதுக்கப்பறம் என் வண்டிக்கு அவரு பாலிஷே போடறதில்ல, வெறும் தண்ணித் துணிதான்." தனபால் கடையின் விலாசம் கேட்டார். பையனுக்குப் புது வண்டி புக் செய்திருக்கிறாராம். பொட்டு வைக்க வேண்டுமாம். "எங்க வண்டிக்கெல்லாம் அவரு கைதானுங்க."

சொன்னேன். உடுமலை ரோடு, பெட்ரோல் பங்க் தாண்டி என்று வழி சொன்னேன். கார் போனபிறகும் துணியும் கையுமாக அங்கேயே நின்றேன்.

அவருக்கு ஒன்றுமில்லை. ரைஸ்மில்காரருக்கு ஒன்றுமில்லை. டை கட்டிய ஜெபராஜுக்கும் ஒன்றுமில்லை. அருவருப்பு எனக்குத்தான் இருந்தது. பேப்பர் கப் எனக்கு, வாழை இலை எனக்கு, இந்த மிஷினும் எனக்குத்தான். வெட்கக்கேடு. என் வீட்டுத் தட்டில் சோறு தின்று, எனக்காக வெயிலிலும் தண்ணீரிலும் நின்றவன் அவன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஆம்னியை எடுத்துக்கொண்டு உடுமலை ரோட்டுக்குப் போனேன். நாலு தகரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, எங்கள் பழைய பிரஷர் கன். தீபாவளி நெருங்குவதால் மூன்று கார்கள் நின்றன. தனபால் முழங்கால் வரை பேன்ட்டை மடித்துவிட்டு ஒரு கதவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கையில் உறை இல்லை.

"வாங் மச்சான்! உக்காருங்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அதே முகம், அதே சிரிப்பு. வேனைக் கழுவ வந்ததாகச் சொன்னேன். கழுவினான். நம் மிஷின் விட்டிருந்த வெள்ளைப் புள்ளிகளின்மேல் எதையோ தடவி ஊறவைத்து, துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து எடுத்தான்.

வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம் ஒன்று இருந்தது. "தப்பு எம்மேலதான் மாப்ள." இவ்வளவுதான் வாக்கியம். வாய் வரை வந்தது. வெளியே வந்தது வேறு: "திரும்பி வந்துரு மாப்ள."

"மிஷினுக்கு ஒரு ஆள் போதுமுங்களே" என்றான்.

டீக்காரர் தூக்குப் போசியோடு வந்தார். பலகையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்தபடி இருந்தன. டீக்காரர் இரண்டையும் நிமிர்த்தினார். இதில் குடிக்கத்தான் வந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இருங்ணா" என்றான் தனபால். கையைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டு, பலகைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தான். இன்னும் பிரிக்காத பேப்பர் கப். பல்லால் கடித்துக் கிழித்து, பொட்டலத்துக்கு வெளியிலிருந்தே, விரல் படாமல் ஒரு கப்பைத் தள்ளி டீக்காரர் முன் வைத்தான்.

"மச்சானுக்கு இதுல ஊத்துங். உங்களுக்குன்னே வாங்கி வெச்சதுங் மச்சான். எப்பவாச்சும் வருவீங்கன்னு தெரியும்."

குத்திக் காட்டுகிறானா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். குத்தலே இல்லை. வந்தவருக்கு வேண்டியதை வேண்டியபடி செய்கிற முகம். சுபத்ரா மேடத்துக்குப் பாலிஷ் வேண்டாம், மச்சானுக்கு டம்ளர் வேண்டாம்.

டம்ளரில் கொடு மாப்ள என்று கேட்டிருக்க வேண்டும். அவன் டம்ளரையே பிடுங்கிக் குடித்திருக்க வேண்டும். கப்பை வாங்கிக் குடித்தேன். நல்ல டீ.

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டான். கப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் வண்டியிலேயே வைத்து வீடு வரை கொண்டுவந்துவிட்டேன். கையில் அதோடு நான் உள்ளே நுழைவதைக் கோகிலா பார்த்தாள். எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்கவில்லை.